ஆதிக்குடிப் பிள்ளைகளும் நாமும்

(நூற்றாண்டு விழாவையொட்டிச் சிட்னிக் கிளை நடத்திய ஒன்றுகூடலில், கிளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



விடுதி, வலைப்பந்தாட்டம், தமிழ்த்தினப் போட்டி எல்லாவற்றையும் எமக்கு முன் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். இன்று மங்கள விளக்கேற்றியதும் நாம் ஒரு வசனம் வாசித்தோம். மேற்குச் சிட்னியின் இந்த நிலம் தாருக் மக்களுடையது, அவர்களின் மூத்தோருக்கு எமது மரியாதை என்ற வசனம். இந்த நாட்டில் ஒவ்வொரு கூட்டத்திலும் அதை வாசிக்கிறோம், வாசித்துவிட்டு இருந்துவிடுகிறோம். அந்த மூத்தோரின் பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச விரும்புகிறோம்.

எமது கல்லூரியில் பெண்பிள்ளைகள் அட்சரகணிதமும் இலக்கியமும் படித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நியூ சவுத் வேல்ஸின் குட்டமுண்ட்ரா என்ற ஊரில் வேறொரு பெண்கள் விடுதி இருந்தது. ஆதிக்குடிச் சிறுமிகளை வேலைக்காரிகளாகப் பழக்குவதற்கான விடுதி அது. நீதிமன்றத்துக்குப் போகாமலே பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து எடுத்துச்செல்லும் அதிகாரத்தை 1915ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அரச சபையொன்றுக்குக் கொடுத்திருந்தது. துடைக்கவும் துவைக்கவும் சமைக்கவும் பழக்கி, பதின்ம வயதில் வெள்ளையர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்களின் சம்பளத்தில் பெரும்பகுதியைச் சபையே வாங்கி வைத்துக்கொண்டது. பலருக்கு அது கடைசிவரை கைக்கு வரவில்லை. அந்தச் சபையின் பெயர் 'ஆதிக்குடிகள் பாதுகாப்புச் சபை'. பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் ஆதிக்குடித் தாய்மார் இன்றும் ஏன் நடுங்குகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

சேர் ரொனால்ட் வில்சனும் மிக் டொட்சனும் தலைமை தாங்கிய விசாரணையின் அறிக்கை 1997இல் வெளிவந்தது. 1910க்கும் 1970க்கும் இடையில் பத்து ஆதிக்குடிப் பிள்ளைகளில் ஒருவர் தொடக்கம் மூவரில் ஒருவர் வரை பலவந்தமாகப் பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று அது கணித்தது. 2008 பெப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். எம்மில் சிலர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கண்கலங்கினோம். பிள்ளையைத் தேடி அலையும் தாய் எப்படி இருப்பாள் என்று எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லையே.

ஆனால் விஷயம் அத்துடன் முடியவில்லை. இன்று இந்நாட்டுப் பிள்ளைகளில் ஆதிக்குடியினர் நூற்றுக்கு ஆறு பேரளவில்தான். அரசின் பராமரிப்பில் வீட்டைவிட்டு வெளியே வளரும் பிள்ளைகளிலோ நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். தொகையில் சுமார் 20,000. உண்மையான ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளும் இவர்களுள் உண்டு. அவர்களை அங்கேயே விட்டுவிடுங்கள் என்று எந்த ஆதிக்குடி அமைப்பும் சொல்வதில்லை. அவர்கள் கேட்பது வேறு. வீடில்லாமையும் வறுமையும் 'கவனிப்பின்மை' என்று கோவையில் எழுதப்படக்கூடாது. அடிக்கும் கணவனைப் பற்றி முறையிட்ட தாய், அதனாலேயே பிள்ளையை இழக்கக்கூடாது. பிள்ளையை எடுத்த பின் செலவழிக்கும் பணத்தை எடுப்பதற்கு முன்பே அந்தக் குடும்பத்துக்குச் செலவிடுங்கள் என்கிறார்கள்.

இந்தக் குரல் புதியதல்ல. 1970களில் மெல்பேர்னில் மோலி டயர் என்ற பெண்மணி மற்றவர்களுடன் சேர்ந்து ஆதிக்குடிகளுக்கெனச் சொந்தமான சிறுவர் பராமரிப்பு நிறுவனத்தை உருவாக்கினார். பிள்ளையை வீட்டிலிருந்து எடுக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் உறவினரிடம், இல்லையேல் அதே சமூகத்தவரிடம், அதுவும் இல்லையேல் வேறு ஆதிக்குடிக் குடும்பத்திடம் கொடுக்கவேண்டும் என்ற கோட்பாடு அந்தக் காலத்துப் போராட்டத்தில் பிறந்தது. இன்று எல்லா மாநிலச் சட்டங்களிலும் அது இருக்கிறது. நடைமுறை வேறு கதை. பேராசிரியை மேகன் டேவிஸ் நியூ சவுத் வேல்ஸில் 1,144 பிள்ளைகளின் கோவைகளை ஆராய்ந்து 2019இல் அறிக்கை தந்தார். கோட்பாடு பல இடங்களில் பெயரளவிலேயே பின்பற்றப்படுகிறது என்று அவர் கண்டார். 125 பரிந்துரைகளை முன்வைத்தார். அதற்கு முன்பே, 2014இல், கன்னெடா என்ற நாட்டுப்புற நகரில் பாட்டிமார் திரண்டு பிள்ளைகளை எடுப்பதற்கு எதிராக ஓர் இயக்கம் தொடங்கியிருந்தார்கள். எமக்கு மிகவும் பிடித்தது இந்தப் பாட்டிமார்தான்.

உறவினர் என்றால் யார்? இதை எமது சபைக்கு விளக்கத் தேவையில்லை. அம்மாவின் தமக்கை பெரியம்மா, தங்கை சின்னம்மா. ஆதிக்குடிச் சமூகங்கள் பலவற்றிலும் அம்மாவின் சகோதரி அம்மாதான். அவள் பிள்ளைகள் உடன்பிறப்புகள்தான். ஆங்கிலத்தில் எல்லோரும் 'அன்ரி' ஆகிவிடுகிறார்கள். நாலு அம்மாமார் உள்ள பிள்ளையை, பெற்றவள் ஒருத்தி தடுமாறியதற்காகத் தாயற்ற பிள்ளையாக எழுதிவிட முடிகிறது.

எமது சங்கத்தில் வைத்தியர்களும் தாதியரும் ஆசிரியைகளும் நிறையப் பேர். இந்த மாநிலத்தில் இவர்கள் எல்லோரும் சட்டப்படி முறைப்பாடு செய்யக் கடமைப்பட்டவர்கள். பிள்ளைக்குப் பாரதூரமான தீங்கு வரும் என்று நியாயமாகச் சந்தேகித்தால் அறிவிக்கத்தான் வேண்டும். அதில் தயக்கம் கூடாது. சாப்பாட்டுப் பெட்டி வெறுமையாக வந்தாலோ, சப்பாத்து இல்லாமல் வந்தாலோ செய்யவேண்டியது வேறு. முதலில் தாயுடன் கதையுங்கள். குற்றம் பிடிக்கும் குரலில் அல்ல, எங்கள் ஊரில் பக்கத்து வீட்டு அக்கா கேட்பதுபோல. உங்கள் பகுதியின் ஆதிக்குடி மருத்துவ நிலையம் எது, குடும்ப ஆதரவுச் சேவை எது, அங்கே யாருடன் கதைக்கலாம் என்பதை இப்போதே தெரிந்து வையுங்கள். தேவை வரும் நாளில் தேட நேரமிராது.

ஆதிக்குடிகளுக்கும் ரொறஸ் நீரிணைத் தீவினருக்கும் உரிய சிறுவர் தினம் ஓகஸ்ட் 4. அதையொட்டி இம்முறை, கடமையாக முறைப்பாடு செய்யவேண்டிய எம்மவர்களுக்கு அரைநாள் பட்டறை ஒன்றை நடத்தக் கிளை எண்ணியுள்ளது. ஆதிக்குடிப் பெண்மணிகளே பேசுவார்கள். நாம் தேநீரும் வடையும் மட்டும் கொண்டுபோவோம். வர விரும்புவோர் வாசலில் உள்ள பதிவேட்டில் பெயரையும் தொழிலையும் எழுதிச் செல்லுங்கள்.