பெயருக்கு ஒரு வேலி

 

காப்பார் வட்டாரத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவள் நான். பால்மரம் சீவிய என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கடையில் அவரை ஏமாற்ற முடியாது. தலைவலிக்குத் தைலம் வேண்டுமென்றால், "கோடாலி போட்டது கொடுங்க" என்பார். போத்தலில் படத்தைப் பார்த்த பிறகுதான் முந்தானை முடிச்சு அவிழும். ஒருநாள் என்னைக் கடைக்கு அனுப்பினார். நான் வேறு ஏதோ படம் போட்ட போத்தலை வாங்கி வந்து நின்றேன். "எழுத்துப் படிக்கிற பிள்ளைக்குப் படம் பார்க்கத் தெரியலையே!" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அம்மா நம்பிய அந்த அடையாளத்தைத்தான் சட்டம் வணிகச் சின்னம் என்கிறது. அது படமாக இருக்கலாம், பெயராகவும் இருக்கலாம். இந்தச் சரக்கு யாரிடமிருந்து வருகிறது என்று வாங்குபவருக்குச் சொல்வதே அதன் வேலை.

வணிகச் சின்னத்தைப் பதிவு செய்யும்போது எந்தச் சரக்குக்காக என்று குறிப்பிட வேண்டும். இதற்கென உலக நாடுகள் பலவும் 45 வகுப்புகளைப் பின்பற்றுகின்றன. அவற்றில் 34 வகுப்புகள் பொருள்களுக்கு, 11 வகுப்புகள் சேவைகளுக்கு. அப்படியானால், கேமராவுக்குப் பதிந்த பெயரை வேறொருவர் சைக்கிளுக்கு வைத்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்வி லண்டன் நீதிமன்றத்துக்கே வந்தது. 1888-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்ற அமெரிக்கர் தம் கேமராவுக்குக் கோடாக் என்று பெயரிட்டார். அது அகராதியில் இல்லாத, அவரே புனைந்த சொல். பின்னர் ஒரு நிறுவனம் கோடாக் என்ற பெயரில் சைக்கிள் விற்க முனைந்தது. 1898-இல் நீதிமன்றம் அதைத் தடுத்தது. சைக்கிளும் கேமராக்காரருடையதே என்று மக்கள் எண்ணிவிடுவார்கள் என்பதே காரணம்.

ஆனால் ஒவ்வொரு முறையும் வழக்காடிக்கொண்டிருக்க முடியுமா? கேமராக்காரர் முன்கூட்டியே சைக்கிளுக்கும் பதிந்து வைக்கலாமே என்றால், அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. பயன்படுத்தும் எண்ணமில்லாமல் பெயரைப் பதிந்து முடக்கி வைக்கச் சட்டம் விடாது. நம் நாட்டிலும் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாத சின்னத்தை நீக்கும்படி பிறர் கேட்கலாம்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததே தற்காப்புப் பதிவு. பயிரிடாத நிலமானாலும் வீட்டை ஒட்டியிருந்தால் வேலி போட்டுக்கொள் என்று அனுமதிப்பது போன்றது இது. பிரிட்டன் 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு இடமளித்தது. இந்தியாவின் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதற்கு இடமிருந்தது. மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் 1983 செப்டம்பர் 1-இல் நடப்புக்கு வந்தபோது, அதன் 57-ஆம் பிரிவு இவ்வுரிமையை வழங்கியது.

ஆனால் எல்லாருக்கும் அந்த வேலி கிடைக்கவில்லை. நிபந்தனைகள் இரண்டு. சின்னம் புனைந்த சொல்லாக இருக்க வேண்டும். வேறு சரக்கில் கண்டாலும் மக்கள் அதே வணிகரை நினைக்கும் அளவுக்கு அது புகழ் பெற்றிருக்க வேண்டும். கோடாலிப் படம் எத்தனை புகழ் பெற்றாலும் புனைந்த சொல் ஆகாதல்லவா? அந்தக் குறை பின்னர் தீர்ந்தது. பிரிட்டன் 1994-இலும், இந்தியா 1999-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், மலேசியா 2019 டிசம்பர் 27-இல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்திலும் தற்காப்புப் பதிவைக் கைவிட்டு, புகழ்பெற்ற சின்னங்களுக்கு நேரடிப் பாதுகாப்பு வழங்கின. சொல்லோ படமோ, புகழே அளவுகோல். டெல்லி உயர்நீதிமன்றமோ அதற்கு முன்னரே, பென்ஸ் என்ற கார்ப் பெயரை உள்ளாடைக்கு வைத்ததைத் தடுத்திருந்தது.

அப்படியானால் பெரிய நிறுவனம் வைத்ததே சட்டமா? இல்லை. கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் 1999-இல் மெக்கறி என்ற உணவகம் திறக்கப்பட்டது. நம்மவர் நடத்திய கடை. ரொட்டி சானாயும் மீன்தலைக் கறியும் கிடைக்கும். 2001-இல் மெக்டோனல்ட்ஸ் வழக்குத் தொடுத்தது. 2006-இல் உயர்நீதிமன்றம் மெக்டோனல்ட்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. பெயர்ப்பலகை வேறு, உணவு வேறு, மெக் என்ற முன்னொட்டு ஒருவருக்கே உரியதன்று என்றது. அவ்வாண்டு செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றமும் மெக்டோனல்ட்ஸ் மனுவைத் தள்ளி, 10,000 வெள்ளி செலவுத் தொகை கொடுக்கச் சொன்னது. சிறியவர் வென்றார், மகிழ்ச்சிதான். ஆனால் எட்டு ஆண்டு வழக்கை நம்மில் எத்தனை குடும்பங்கள் தாங்கும்?

இதை நான் சொல்லக் காரணம் உண்டு. என் பழைய மாணவி ஒருத்தி வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிறாள். புகழ்பெற்ற ஒரு பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, 500 ஒட்டுத்தாள் அச்சடித்து வந்தாள். "அவங்க முறுக்கு விக்கலையே டீச்சர்?" என்று கேட்டாள். இன்று உங்களிடம் சொன்னதைத்தான் அவளிடமும் சொன்னேன். மனத்தாங்கலோடு அத்தனை தாள்களையும் தூக்கிப் போட்டுவிட்டுத் தன் பாட்டியின் பெயரை வைத்தாள். முறுக்கு நன்றாக விற்றது. ஓராண்டு கழித்து அதே பெயரில் இன்னொருவர் பொட்டலம் போட்டார்! "கம்பெனி பதிஞ்சிருக்கேனே" என்று அழுதாள். வணிகப் பதிவு வேறு, வணிகச் சின்னப் பதிவு வேறு என்பதை அப்போதுதான் அறிந்தாள். பதிவு இல்லாவிட்டாலும் வழக்குத் தொடுக்கலாம். ஆனால் அந்தப் பெயருக்கு நற்பெயர் உண்டு, மக்கள் ஏமாறுகிறார்கள், அதனால் நட்டம் என்று அவளே மெய்ப்பிக்க வேண்டும்.

ஆகவே நேயர்களே, சிறுதொழில் தொடங்கும்போது பிறர் புகழில் ஒதுங்காதீர்கள். சொந்தப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். அச்சடிக்கும் முன்னர், அது ஏற்கெனவே பதியப்பட்டுள்ளதா என்று மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் சரக்குக்குரிய வகுப்பில் பதிந்துவிடுங்கள். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், பின்பு புதுப்பித்துக்கொள்ளலாம். முதல் பற்றுச்சீட்டையும் முதல் ஒட்டுத்தாளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

என் அம்மா நம்பியது தாளில் இருந்த படத்தை மட்டுமல்ல, அதன் பின்னால் இருந்தவரின் நாணயத்தையும்தான். உங்கள் பெயரைப் பார்த்து நாளை ஒரு தாய் முடிச்சை அவிழ்ப்பாள். அந்தப் பெயருக்கு இன்றே வேலி போடுங்கள்.