கடற்பஞ்சும் பைரன் வளையமும்

பைரன் என்னும் பெயர் நேயர்கள் பலருக்குப் புதியதாயிருத்தல் கூடும். ஆயினும் அவ்வடிவம் மனித உடலுக்கு அந்நியமானதன்று. ஐந்து காபன் அணுக்களும் ஓர் ஒட்சிசன் அணுவும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும் வளையத்தையே இரசாயன நூலார் பைரன் வளையம் என்பர். இரத்தத்தில் ஓடும் குளுக்கோசும் பெரும்பாலும் ஐதரசன் மிகுந்த இத்தகைய வளையமாகவே அமைகின்றது. அன்றாட உணவிற் காணும் இவ்வமைப்புப் புற்றுநோய் மருந்தொன்றிலும் இடம்பெற்ற வரலாறு அறியத்தக்கது.

யப்பானியக் கடலோரப் பாறைகளில் ஒருவகைக் கடற்பஞ்சு வளர்கின்றது. ஹிராட்டா, உவெமுரா என்னும் அறிஞர்கள் அதனை ஆராய்ந்து, ஹலிகொண்ட்ரின் பி என்ற பொருளைப் பிரித்தெடுத்து, 1986 ஆம் ஆண்டில் அதன் இயல்பை வெளியிட்டனர். பைரன் வளையங்கள் பலவற்றைத் தன்னுட் கொண்ட அம்மூலக்கூறு, புற்றுநோய்க் கலங்களின் பெருக்கத்தை வியக்கத்தக்க வலிமையுடன் தடுத்தது.

ஆனால் இடர் ஒன்று எதிர்ப்பட்டது. 600 கிலோகிராம் கடற்பஞ்சிலிருந்து கிடைத்தது 12.5 மில்லிகிராம் மாத்திரமே. அஃது ஓர் அரிசிமணியின் நிறைக்கும் குறைவு. நோயாளர் அனைவருக்கும் மருந்து வேண்டுமெனிற் கடலையே வறிதாக்க நேரும்.

இவ்விடரைத் தீர்க்க வழிகாட்டியவர் ஹாவர்ட் சர்வகலாசாலைப் பேராசிரியர் யொஷிட்டோ கிஷி. அவர்தம் குழுவினர் 1992 ஆம் ஆண்டில் அம்மூலக்கூறு முழுவதையும் ஆய்வுகூடத்திலேயே ஆக்கிக் காட்டினர். அப்பொழுது மற்றுமோர் உண்மையும் புலனாயிற்று. மூலக்கூறின் ஒரு பாதியே நோயை எதிர்க்கும் ஆற்றலைத் தாங்கி நின்றது. அப்பாதியைத் திருத்தி அமைத்ததே எரிபுலின் என்னும் மருந்தாகும்.

கலம் ஒன்று இரண்டாகப் பிரியும்போது, நிறமூர்த்தங்களைப் பங்கிட்டு இருபுறமும் இழுப்பவை நுண்குழாய்கள். எரிபுலின் அக்குழாய்களின் நுனியிற் பற்றி, அவற்றை மேலும் வளரவிடாது தடுக்கின்றது. பிரிய இயலாத கலம் ஈற்றில் மடிகின்றது.

பைரன் வளையம் தானே மருந்தாகிவிடாது. அவ்வாறாயின் வெல்லமும் புற்றுநோயைத் தீர்த்திருக்கும். வளையங்கள் எவ்வொழுங்கில், எத்திசை நோக்கி இணைகின்றன என்பதிலேயே ஆற்றல் தங்கியுள்ளது.

முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு இம்மருந்தை வழங்க 2010 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா அனுமதி அளித்தது. அதற்கு ஆதாரமாயிருந்த பெரும் பரிசோதனையில், வேறு சிகிச்சை பெற்றோரின் இடைநிலை ஆயுள் 10.6 மாதமாகவும், எரிபுலின் பெற்றோரின் ஆயுள் 13.1 மாதமாகவும் காணப்பட்டன. வெண்குருதிக் கலங்கள் குறைதல், நரம்புத் தளர்ச்சி முதலிய தீங்குகளும் உடன் வந்தன.

இரண்டரை மாதம் சிறிதெனச் சிலர் கருதலாம். பிற மருந்துகள் பலவற்றையும் பெற்று, நோய் தணியாத தாய்மாருக்கு அது சிறிதன்று. எனினும் அதனைப் பூரண குணமெனக் கூறுதலும் பொருந்தாது. உள்ளதை உள்ளவாறு அளந்து கூறி, அவ்வளவை மேலும் நீட்ட முயல்வதே விஞ்ஞானத்தின் கடமையாகும்.