பில் டேபிள் மாறிய நாள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் குடிகாடு, ஈச்சங்காடு ஊர்களை ஒட்டி சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்குள்ள ரசாயன ஆலைகளைப் பற்றியும் உப்பனாற்றைப் பற்றியும் பலர் பேசியிருக்கிறார்கள். இன்னும் பேசவும் வேண்டும். நான் இன்று பேசப்போவது வேறொன்று. ஆலை வாசலை விட்டு லாரி கிளம்ப வேண்டுமென்றால் கையில் பில் வேண்டும். அந்த பில்லுக்குப் பின்னால் ஒரு டேட்டாபேஸ் வேலை செய்கிறது.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி அமலுக்கு வந்தது. அதுவரை தமிழ்நாட்டில் வணிகர்களுக்கு இருந்த டின் என்ற வரிப் பதிவு எண்ணில் 11 இலக்கங்கள், எல்லாமே எண்கள். புதிய ஜிஎஸ்டி எண்ணில் 15 இடங்கள். முதலில் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்து பான் எண்ணின் பத்து இடங்கள். அவற்றில் ஆங்கில எழுத்துகளும் உண்டு. வரியும் பிரிந்தது. சிப்காட்டிலிருந்து சிதம்பரத்துக்குச் சரக்கு போனால் மத்திய ஜிஎஸ்டி, மாநில ஜிஎஸ்டி என்று இரண்டு. அதே சரக்கு ஆல்பேட்டை தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் கடந்து முள்ளோடைக்குள் நுழைந்தால் அது புதுச்சேரி. அங்கே ஐஜிஎஸ்டி என்ற ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி ஒன்றுதான். ஆக, பில் விவரம் இருக்கும் டேபிளில் சில நெடுவரிசைகளைச் சேர்க்க வேண்டும், சிலவற்றை மாற்ற வேண்டும், சிலவற்றை நீக்க வேண்டும்.

டேபிளை மாற்றுவது ஒரு வரிக் கட்டளை. தொல்லை அதன் பிறகுதான். அந்த டேபிளை நம்பி எத்தனையோ கேள்விகள் (குவெரிகள்) ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கும்: பில் அச்சிடுவதற்கு ஒன்று, ஸ்டாக் பார்ப்பதற்கு ஒன்று, மாதக் கடைசியில் ஆடிட்டருக்கு எக்செல் கொடுப்பதற்கு ஒன்று. அவற்றுக்கு டேபிள் மாறிய செய்தி தெரியாது. பழைய பெயரைக் கேட்கும். அப்படியொரு நெடுவரிசை இல்லை என்று டேட்டாபேஸ் மறுக்கும். இருபது மதிப்புகளை அனுப்பும். இங்கே இருப்பது இருபத்து மூன்று இடம் என்று பதில் வரும். லாரி வாசலில் நிற்க, திரையில் சிவப்பு எழுத்து. பதற்றம் வருவது இயல்பு. ஆனாலும் அந்த வரியை நிதானமாகப் படித்துவிட வேண்டும். எந்தப் பெயர் கிடைக்கவில்லை என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. அந்தப் பெயரை நிரல்களிலும் வியூக்களிலும் ரிப்போர்ட்டுகளிலும் தேடினால் பெரும்பாலும் பழுது கிடைத்துவிடும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது, எந்தப் பிழையும் காட்டாத பிழை. டின் எண்ணுக்கென்று எண் வகையாக வைத்திருந்த நெடுவரிசையை மாற்ற மறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் கண்டிப்பான முறை (ஸ்ட்ரிக்ட் மோட்) அணைத்து வைக்கப்பட்டிருந்தால், ஜிஎஸ்டி எண்ணில் 33-க்குப் பிறகு எழுத்து வந்தவுடன் மீதியை விட்டுவிட்டு வெறும் 33 என்று பதிந்துகொள்ளும். ஓர் எச்சரிக்கை மட்டும் வரும், அதை யாரும் பார்க்க மாட்டார்கள். 2015-ல் வந்த 5.7 பதிப்பிலிருந்துதான் கண்டிப்பான முறை இயல்பாகவே இயங்குகிறது.

இன்னொன்று இதைவிட மோசம். ஆண்டு முடிவில் பில்களைப் பழைய கணக்கு டேபிளுக்கு நகலெடுக்கும்போது நெடுவரிசைகளைப் பெயர் சொல்லி எழுதாமல், எல்லாவற்றையும் கொண்டுபோ என்று நட்சத்திரக் குறி போட்டுவிடுவார்கள். இரண்டு டேபிள்களிலும் எண்ணிக்கை ஒன்று, வரிசை வேறு என்றால் ஐஜிஎஸ்டி தொகை மாநில ஜிஎஸ்டி இடத்தில் போய் உட்காரும். இரண்டும் பணம்தான் என்பதால் டேட்டாபேஸுக்குச் சந்தேகமே வராது. மாத ரிட்டர்னும் இதே வகையில் தயாரானால், புதுச்சேரியில் சரக்கு வாங்கியவருக்கு வரவேண்டிய உள்ளீட்டு வரி வரவு வராது. எங்கோ ஒரு கேள்வியில் காட்டிய சோம்பலுக்கு, முகம் தெரியாத ஒரு சிறு வியாபாரியின் பணம் முடங்குகிறது.

தகவல் உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற கவலை பயன்படுத்துபவருக்கு இருக்கக் கூடாது என்பது 1970-ல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் எழுதிய கட்டுரையின் நோக்கம். டேபிள்களால் ஆன இன்றைய டேட்டாபேஸ்களுக்கு அடிப்படை அதுதான். நெடுவரிசைகளைப் பெயர் சொல்லிக் கேட்டால் அந்த நோக்கத்தில் பாதியாவது நமக்குக் கிடைக்கும்.

மாற்றம் செய்யப்போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் பேக்கப் எடுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் டேபிள் மாற்றத்தைப் பரிவர்த்தனைக்குள் வைத்துத் திரும்பப் பெறலாம், மைஎஸ்க்யூஎல்லில் முடியாது. நகல் டேட்டாபேஸில் சிதம்பரத்துக்கு ஒரு பில், புதுச்சேரிக்கு ஒரு பில் போட்டு, தொகை எந்த இடத்தில் விழுகிறது என்று கண்ணால் பாருங்கள். புதிய நெடுவரிசையைச் சேர்த்த உடனே பழையதை நீக்காதீர்கள். கொஞ்ச காலம் இரண்டும் இருக்கட்டும். கேள்விகளை ஒவ்வொன்றாகப் புதியதுக்கு மாற்றுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஓடும் ரிப்போர்ட்டுகளும் உண்டு. அதனால் ஒரு மார்ச் 31 கடந்து, ஆடிட்டர் கணக்கை முடித்த பிறகே பழையதை எடுங்கள்.