பட்டாளம் நம் பிள்ளைகள், உத்தரவு யாருடையது?

(திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



மில்லில் ஷிப்டு முடித்து வந்த தோழர்களும், நாற்று நட்ட களைப்போடு வந்த சகோதரிகளும் இங்கே கூடியிருக்கிறீர்கள். இந்த வேங்கிக்காலில்தான் ஜில்லா கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. திங்கட்கிழமையானால் மனுவோடு அங்கே வரிசையில் நிற்கிறோம். பட்டாவுக்கு மனு, முதியோர் பென்ஷனுக்கு மனு, குடிதண்ணீருக்கு மனு. நியாயம் கிடைக்கிறதோ இல்லையோ, யாரைக் கேட்க வேண்டும் என்பதாவது நமக்குத் தெரியும்.

இந்தப் பழைய வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போகிறார்கள். அந்தப் பிள்ளையைக் கடல் கடந்து இன்னொரு நாட்டுச் சண்டைக்கு அனுப்பினால், "யாரைக் கேட்டு அனுப்பினீர்கள்?" என்று கேட்க எந்த ஆபீஸில் மனுக் கொடுப்பது? இன்று நாம் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

ஐரோப்பிய ஜனங்களின் அச்சம்

இதே கேள்வியை இன்று ஐரோப்பாவின் உழைக்கும் ஜனங்களும் கேட்கிறார்கள். அங்கே பல நாடுகள் சேர்ந்து ஒரே பட்டாளம் அமைக்க வேண்டும் என்ற பேச்சு மீண்டும் கிளம்பியிருக்கிறது. இது புதிய பேச்சல்ல. 1952 மே 27 அன்று பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஆறு நாடுகளின் சர்க்கார்கள் பாரீஸில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆறு நாட்டுச் சிப்பாய்களுக்கும் ஒரே சீருடை. மேலே ஒன்பது பேர் கொண்ட ஒரு கமிஷன். யுத்தம் என்று வந்தால் அதிகாரம் அமெரிக்கத் தலைமையிலான நேட்டோ தளபதியின் கையில்!

ஹிட்லரின் பட்டாளம் தங்கள் ஊர்களை மிதித்துப் போய்ப் பத்து வருஷங்கூட ஆகாத காலம் அது. ஜெர்மன் தளபதிகளின் கையில் மீண்டும் துப்பாக்கியா என்று பிரெஞ்சு ஜனங்கள் கொதித்தார்கள். ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சுப் பார்லிமெண்ட் 319க்கு 264 என்ற ஓட்டுக் கணக்கில் அந்த ஒப்பந்தத்தை ஒதுக்கித் தள்ளியது. கம்யூனிஸ்டுகளும் அவர்களுக்கு நேர் எதிரான தெகோல் கட்சியாரும் ஒரே பக்கம் ஓட்டளித்தார்கள் என்றால், ஜனங்களின் அச்சம் எவ்வளவு ஆழமானது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மறு வருஷமே மேற்கு ஜெர்மனியை நேட்டோவில் சேர்த்து ஆயுதம் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் மேலே இருப்பவர்கள் போட்ட கையெழுத்தைக் கீழே இருப்பவர்கள் அழிக்க முடியும் என்பதை அந்த ஓட்டு காட்டியது.

கூட்டுப் பட்டாளம் என்றால் ஏன் இந்தப் பயம்? மில் தோழர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். கூலி குறைந்தது ஏன் என்று மேஸ்திரியைக் கேட்டால் மானேஜரைக் கைகாட்டுவார். மானேஜர், "ஹெட் ஆபீஸ் உத்தரவு" என்பார். ஹெட் ஆபீஸிலோ, "டைரக்டர்கள் கூடி எடுத்த முடிவு" என்பார்கள். கடைசியில் வெட்டியது நம் கூலி, வெட்டியவன் எவனுமில்லை! பல நாடுகள் சேர்ந்து நடத்தும் பட்டாளமும் இப்படித்தான். சிப்பாய் செத்தால் நம் சர்க்கார், "கூட்டு முடிவு" என்று கைவிரிக்கும். கூட்டோ, "உங்கள் சர்க்காரைக் கேளுங்கள்" என்று திருப்பிவிடும். யாரையும் ஓட்டுப் போட்டு இறக்க முடியாது.

2025 மே 27 அன்று ஆயுதங்கள் வாங்குவதற்காக 150 பில்லியன் யூரோ கடன் திட்டத்துக்கு ஐரோப்பிய யூனியன் சர்க்கார்கள் ஒப்புதல் கொடுத்தன. ஐரோப்பியப் பார்லிமெண்டின் ஓட்டு அதற்குக் கேட்கப்படவில்லை. அவசர கால ஷரத்து ஒன்றைக் காட்டி வேலையை முடித்தார்கள். பார்லிமெண்டே கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. பணத்துக்கே இந்த கதி என்றால், உயிருக்கு என்ன கதி?

ஜெர்மனியில் ஒரு நல்ல விதி இருக்கிறது. பட்டாளத்தை வெளிநாட்டுச் சண்டைக்கு அனுப்பப் பார்லிமெண்டின் சம்மதம் வேண்டும் என்று அந்நாட்டு அரசியல் சட்டக் கோர்ட் 1994 ஜூலை 12 அன்று தீர்ப்பளித்தது. கூட்டுப் பட்டாளம் வந்தால் இந்த விதி வெறும் காகிதமாகிவிடுமோ என்று அங்குள்ளோர் கவலைப்படுகிறார்கள்.

தோழர்களே! அவர்கள் இழந்துவிடுவோமோ என்று அஞ்சும் அந்த உரிமை நமக்கு இருக்கிறதா? இல்லை!

1939லும் 1987லும்

1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் யுத்தத்தில் இறங்கிவிட்டது என்று அறிவித்தார். இந்தியன் ஒருவனையும் கேட்கவில்லை. 25 லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் அந்த யுத்தப் பட்டாளத்தில் இருந்தார்கள். அன்று நாம் அடிமைகள். அந்நியன் கேட்காமல் செய்தான்.

சுதந்திர இந்தியாவில் நடந்தது என்ன? 1987 ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மறுநாளே இந்தியப் பட்டாளம் இலங்கையில் இறங்கியது. பட்டாளத்தை அனுப்பலாமா கூடாதா என்று பார்லிமெண்டில் முன்கூட்டி ஓட்டெடுப்பு நடக்கவில்லை.

இங்கே ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒப்பந்தத்தை இடதுசாரிக் கட்சிகளும் வரவேற்றன. இனக்கொலை நிற்கும், தமிழ் ஜனங்களுக்கு மாகாண உரிமை கிடைக்கும், அந்நிய வல்லரசு திருகோணமலையில் கால் வைக்காது என்று நம்பினோம். அந்த நம்பிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால், "பட்டாளம் எதற்குப் போகிறது, எவ்வளவு காலத்துக்கு, சண்டை மூண்டால் யார் முடிவெடுப்பது?" என்று கேட்க வேண்டிய கேள்விகளை நாமும் அழுத்திக் கேட்கவில்லை. பிறரைக் கணக்குக் கேட்கிறவன் தன் கணக்கையும் காட்ட வேண்டும்.

சமாதானம் காக்கப் போன பட்டாளம், அக்டோபர் 10 முதல் விடுதலைப் புலிகளோடு யுத்தத்தில் இறங்கியது. காவல் வேலை யுத்த வேலையாக மாறியதே, அப்போதாவது பார்லிமெண்டின் ஓட்டைக் கேட்டார்களா? இல்லை. அந்த அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இருபக்கச் சூட்டில் சிக்கினார்கள் என்று ராணுவத் தரப்பு சொல்லிற்று. பகிரங்க விசாரணை வைத்து, பொறுப்பாளி இன்னார் என்று ஜனங்கள் முன் நிறுத்தவில்லை.

நவம்பர் 25 அன்று மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அதே யாழ்ப்பாண மண்ணில் உயிர் விட்டார். அவருக்குப் பரம்வீர் சக்கரம் கொடுத்தார்கள். ஏறத்தாழ 1,200 சிப்பாய்கள் மாண்டார்கள். 1990 மார்ச் 24 அன்று கடைசிப் பிரிவு கப்பலேறியது. சென்னையில் வந்து இறங்கிய பட்டாளத்தை வரவேற்க அன்றைய முதலமைச்சர் போகவில்லை. ஈழத் தமிழர் சிந்திய ரத்தத்தை நினைத்தால் அந்தக் கோபம் விளங்கும். ஆனால் அந்தச் சிப்பாய் தானாகவா போனான்? உத்தரவு போட்டவர்கள் டெல்லியில் இருந்தார்கள்; அவமானத்தைச் சுமந்தவன் நம் வீட்டுப் பிள்ளை. யாழ்ப்பாணத்துத் தாயும் அழுதாள், வட ஆற்காட்டுத் தாயும் அழுதாள். இருவருக்கும் பதில் சொல்ல எவனும் வரவில்லை.

மாண்ட சிப்பாய்களின் பெயர்களைக் கல்லில் செதுக்கி இலங்கையில் நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். அது நிற்பது ஸ்ரீ ஜெயவர்த்தனபுர கோட்டையில், இலங்கைப் பார்லிமெண்ட் இருக்கும் அதே ஊரில்! எந்தப் பார்லிமெண்டும் ஓட்டுப் போட்டு அனுப்பாதவர்களின் பெயர்கள் ஒரு பார்லிமெண்டின் அருகே கல்லாகி நிற்கின்றன.

கேட்டபோது நின்றது

கேட்டு என்ன ஆகப்போகிறது என்று சிலர் சலித்துக்கொள்ளலாம். கேட்டதால் நடந்ததையும் சொல்கிறோம்.

1991 ஆரம்பத்தில், வளைகுடா யுத்தத்தின்போது, அமெரிக்க ராணுவ விமானங்கள் பம்பாய், மதராஸ் முதலிய விமான நிலையங்களில் இறங்கிப் பெட்ரோல் நிரப்பிக்கொள்ள சந்திரசேகர் சர்க்கார் அனுமதித்தது. நம் மீனம்பாக்கத்தில் நிரப்பிய எண்ணெய், யுத்தத்துக்குப் போகும் எண்ணெய்! விஷயம் வெளியே வந்ததும் நாடு கொந்தளித்தது. இடதுசாரிகள் மட்டுமல்ல, அந்த சர்க்காரைத் தாங்கி நின்ற காங்கிரசும் எதிர்த்தது. பிப்ரவரியில் அது நின்றுபோயிற்று.

2003இல் அமெரிக்கா இராக்கை ஆக்கிரமித்தது. அந்த யுத்தத்தைக் கண்டித்து ஏப்ரல் 8 அன்று நம் லோக்சபை தீர்மானம் நிறைவேற்றியது. பிறகு அமெரிக்கா, ஒரு டிவிஷன் பட்டாளத்தை இராக்குக்கு அனுப்புங்கள் என்று இந்தியாவைக் கேட்டது. பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள்! அனுப்பலாம் என்று வாதாடியவர்கள் டெல்லியிலே இருந்தார்கள். ஆனால் பார்லிமெண்டின் தீர்மானம் குறுக்கே நின்றது. வீதியில் ஜனங்கள் நின்றார்கள். ஜூலை 14 அன்று வாஜ்பாய் சர்க்கார், ஐ.நா.வின் தெளிவான கட்டளை இல்லாமல் அனுப்புவதற்கில்லை என்று முடிவெடுத்தது. இத்தாலி அனுப்பியது. நவம்பர் 12 அன்று நாசிரியா நகரில் ஒரே குண்டுவெடிப்பில் 19 இத்தாலியர் செத்தார்கள். நம் பிள்ளைகள் அங்கே இல்லை. கேட்டதன் பலன் இது!

இன்றைய நிலைமை

2016 ஆகஸ்ட் 29 அன்று மோடி சர்க்கார் அமெரிக்காவோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒரு நாட்டின் ராணுவக் கப்பலும் விமானமும் மற்ற நாட்டில் எரிபொருள், உணவு, பழுதுபார்ப்பு ஆகியவற்றைப் பெறலாம் என்பது அதன் சாரம். ராணுவத் தளம் கொடுப்பதாகாது என்றும், ஒவ்வொரு முறையும் சம்மதம் கேட்டே வருவார்கள் என்றும் சர்க்கார் சொல்கிறது. இருக்கட்டும். அந்தச் சம்மதத்தைக் கொடுப்பது யார்? பார்லிமெண்டா? அல்ல, அதிகாரிகளும் மந்திரிகளும்தான். 1991இல் நாட்டையே கொந்தளிக்க வைத்த காரியம் இன்று ஆபீஸ் காகிதமாகிவிட்டது. 2022 ஆகஸ்ட் 7 அன்று 'சார்லஸ் ட்ரூ' என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பழுதுபார்க்க நம் காட்டுப்பள்ளிக்கே வந்து நின்றது. இந்தியாவில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பழுதுபார்க்கப்பட்டது அதுவே முதல் தடவை. தொழிலாளிக்கு வேலை கிடைப்பதை நாம் எதிர்க்கவில்லை. நாளை யாரோ ஒரு நாட்டின் மேல் குண்டு போடப் போகும் கப்பலுக்கும் இதே கதவு திறக்குமா என்று கேட்கிறோம்.

"ராணுவ விஷயம் ரகசியம், கூலிக்காரனுக்கு என்ன தெரியும்?" என்பார்கள். எந்த மலையில் எத்தனை பீரங்கி என்று நாம் கேட்கவில்லை. அது ரகசியமாகவே இருக்கட்டும். யாருடைய சண்டைக்கு, எந்த நியாயத்துக்கு நம் பிள்ளை போகிறான் என்பது எப்படி ரகசியமாகும்? நாட்டைக் காக்க எல்லையில் நிற்பவனுக்கு நம் தலை வணங்குகிறது. அவன் உயிரை இன்னொருவன் பேரம் பேசுவதைத்தான் எதிர்க்கிறோம்.

பார்லிமெண்ட் ஓட்டுப் போட்டாலே நியாயம் பிறந்துவிடும் என்றும் சொல்லவில்லை. 2003 மார்ச் 18 அன்று பிரிட்டிஷ் பார்லிமெண்ட் ஓட்டுப் போட்டேதான் இராக் யுத்தத்துக்குப் போயிற்று. ஆனால் யார் யார் கை தூக்கினார்கள் என்பது பதிவாகி நின்றது. ஜனங்கள் அதை மறக்கவில்லை. 2013 ஆகஸ்ட் 29 அன்று சிரியாவின் மீது தாக்குதலுக்குச் சம்மதம் கேட்டபோது அதே பார்லிமெண்ட் மறுத்துவிட்டது.

நமது கோரிக்கை

நமது அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, அந்நிய நாட்டு ஒப்பந்தங்களையும் யுத்தத்தையும் சமாதானத்தையும் பற்றிச் சட்டமியற்றும் அதிகாரத்தைப் பார்லிமெண்டுக்குக் கொடுத்திருக்கிறது. அதிகாரம் இருக்கிறது, இயற்ற வேண்டிய சட்டம்தான் இல்லை. ஆகவே கேட்கிறோம்:

ராணுவ ஒப்பந்தம் எதுவானாலும் பார்லிமெண்டின் சம்மதம் பெற்ற பிறகே அமலுக்கு வர வேண்டும். வெளிநாட்டுச் சண்டைக்குப் பட்டாளம் போக வேண்டுமானால் முன்கூட்டி ஓட்டெடுப்பு வேண்டும். காரணமும் காலக்கெடுவும் அதில் இருக்க வேண்டும். காரியம் முடிந்ததும் மாண்டவர் எத்தனை, நம் பட்டாளத்தால் மாண்ட அந்நாட்டு ஜனங்கள் எத்தனை, தவறு யாருடையது என்ற கணக்கு பகிரங்கமாக வைக்கப்பட வேண்டும்.

ஓட்டுக் கேட்டு வருகிற வேட்பாளரிடம் ரோடு கேட்கிறோம், ரேஷன் கேட்கிறோம். இனி இதையும் கேளுங்கள்: "எங்கள் பிள்ளையை அனுப்பும் நாளில் நீங்கள் எந்தப் பக்கம் கை தூக்குவீர்கள்?" மில் வாசலில் கேளுங்கள், களத்துமேட்டில் கேளுங்கள். பதில் சொல்லாதவரை விடாதீர்கள்.

பட்டாளத்துக்குப் பிள்ளையைக் கொடுப்பவர்கள் நாம். யுத்தச் செலவுக்குத் துணியிலும் வரி கொடுப்பவர்கள் நாம். உத்தரவு போடும் இடத்தில் மட்டும் நம் குரல் இல்லை என்றால் அது ஜனநாயகமல்ல. அந்தக் குரலை அங்கே கொண்டு சேர்ப்போம், தோழர்களே!