கருணை மனு அன்று, உழைப்பின் கணக்கு

(வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நமது கழகம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்கும், இடையில் நின்றோரை மீண்டும் வகுப்பறைக்கு அனுப்புவதற்கும், கல்லூரிக் கட்டணத்துக்கு வழி தேடுவதற்கும் பாடுபட்டு வந்திருக்கிறது. அதன் பயனாக, இன்று நம் தெருக்களில் பட்டம் பெற்றோர் இருக்கின்றனர். பட்டயம் பெற்றோர் இருக்கின்றனர். ஆயினும் படிப்பு முடிந்த நாளுக்கும் முதல் சம்பளம் வாங்கும் நாளுக்கும் இடையே ஒரு பள்ளம் கிடக்கிறது. அதைத் தாண்டப் புறப்படும் இளைஞனின் கையில் இருப்பது ஒரே ஒரு தாள். தன்விவரக் குறிப்பு என்று அதனை எழுத்தில் சொல்கிறோம். பயோடேட்டா, ரெஸ்யூம் என்று பேச்சில் சொல்கிறோம்.

விழா மேடையில் பேசத்தக்க பொருளா இது என்று பெரியவர்கள் எண்ணக்கூடும். பேசத்தக்க பொருள்தான் என்பதே எங்கள் எண்ணம். பரம்பரையாகப் படித்த வீட்டில் இந்தத் தாளை அப்பா திருத்துவார். அண்ணன் தட்டச்சு செய்வார். மாமா எங்கே அனுப்புவது என்று சொல்வார். நம் வீட்டில் அந்த மூவரும் இல்லை. அந்த மூவராகவும் நமது கழகமே இருந்தாக வேண்டும்.

மனு எழுதிய தலைமுறை

எம் தலைமுறையினர் விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொண்ட இடம் தாலுகா அலுவலக வாசல். அங்கே மரத்தடியில் அமர்ந்து மனு எழுதித் தருவோரின் நடையே எங்களுக்கும் நடையாயிற்று. எங்களுள் ஒருவர் ஓர் ஆலைக்கு முதன்முதலாக எழுதிய விண்ணப்பம் இரண்டு பக்கம். தந்தை கூலி வேலை செய்பவர். வீட்டில் ஏழு பேர். ஓலைக் கூரை ஒழுகுகிறது. ஐயா அவர்கள் கருணை கூர்ந்து ஒரு வேலை அளித்தால் குடும்பமே விளக்கேற்றி வணங்கும். இவ்வாறு அது சென்றது. பதில் வரவில்லை. இரண்டு மாதம் பொறுத்திருந்து அவர் நேரிலேயே சென்றார். அங்கிருந்த வயதான எழுத்தர் ஒருவர் அந்தத் தாளைத் தேடி எடுத்துப் படித்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, உன் வறுமையை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். உனக்கு என்ன தெரியும் என்று ஒரு வரிகூட இல்லையே?” தட்டச்சில் முதுநிலை தேறியிருந்தார் நம்மவர்! நிமிடத்துக்கு 45 சொல் அடிக்கும் கை அது. அதைத்தான் எழுத மறந்திருந்தார்.

அன்று நாங்கள் கற்ற பாடத்தையே இன்று உங்கள் முன் வைக்கிறோம். தன்விவரக் குறிப்பு கருணை மனு அன்று. நாம் செய்த உழைப்பின் கணக்கு. வேலை கொடுப்பவன் நமக்குத் தருமம் செய்யவில்லை. அவனுக்கு ஆள் வேண்டும். நம்மிடம் ஆற்றல் உண்டு. இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதற்கே அந்தத் தாள். ஆகவே வறுமை, நோய், கடன், கண்ணீர் ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை.

கணக்கில் வராத உழைப்பு

“எழுதுவதற்கு என்ன இருக்கிறது? நாங்கள் எங்கும் வேலை பார்த்ததில்லையே!” என்று இளைஞர்கள் கேட்கின்றனர். இதுவே நம்மிடையே உள்ள பெரும் பிழை. பத்து வயது முதல் உழைத்து வளர்ந்த பிள்ளைகள், அனுபவம் என்னும் இடத்தில் ‘இல்லை’ என்று எழுதுகின்றனர்! நம் உழைப்பை ஊரார் உழைப்பாக மதிக்காததால், நாமும் அதனை மதிக்க மறந்துவிட்டோம்.

அண்மையில் ஒரு தங்கை தன் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். பி.காம். தேறியவள். அனுபவம் இல்லை என்று எழுதியிருந்தாள். பேசிப் பார்த்ததில், தன் தாயார் உறுப்பினராக உள்ள மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்குப் புத்தகத்தை மூன்று ஆண்டுகளாக அவளே எழுதி வருகிறாள் என்று தெரிந்தது. வாராந்திரச் சேமிப்பு, கடன், வட்டி, வங்கியில் பணம் கட்டுதல் யாவும் அவள் கையில். கணக்கர் உதவியாளர் வேலைக்கு இதைவிட எந்த அனுபவம் வேண்டும்? நாங்கள் அவளை இப்படி எழுதச் சொன்னோம்: “15 உறுப்பினர் கொண்ட சுய உதவிக் குழுவின் சேமிப்பு, கடன் கணக்குகளை 3 ஆண்டுகளாக எழுதி வருகிறேன், மாதந்தோறும் வங்கி இருப்புடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கிறேன்.”

இந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். என்ன செய்தாள், எவ்வளவு காலம் செய்தாள், எத்தனை பேருக்குச் செய்தாள் என்னும் மூன்றும் அதில் உள்ளன. ‘கடின உழைப்பாளி’, ‘நேர்மையானவள்’ என்ற சொற்கள் இல்லை. அவற்றை யாரும் எழுதலாம். எண்ணும் செயலும் எழுதியவனை மட்டுமே நம்புவார்கள்.

இவ்வாறே விடுமுறையில் கட்டட வேலைக்குச் சென்று, மேஸ்திரியிடம் ஆள் வருகையும் சிமெண்ட் மூட்டைக் கணக்கும் பார்த்தவன் அதனை எழுதட்டும். திருமண மண்டபத்தில் பந்தி பரிமாறியவன் உணவு விடுதி வேலைக்கு அதனை எழுதட்டும். மாலையில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு என்று எழுதட்டும். தந்தை நோயுற்றதால் ஓராண்டு படிப்பை விட்டுக் கூலிக்குப் போனவன், அந்த ஆண்டை மறைத்து வெற்றிடமாக விடவேண்டாம். ‘குடும்பப் பொறுப்பினால் ஓராண்டு கட்டுமானப் பணி, பின்னர் படிப்பைத் தொடர்ந்து முடித்தேன்’ என்று ஒரே வரியில் எழுதினால், இடையில் நின்றதைவிட மீண்டும் வந்து முடித்ததே படிப்பவர் கண்ணில் படும்.

ஆனால் இல்லாததை எழுதலாகாது. பணம் வாங்கிக்கொண்டு போலி அனுபவச் சான்று தருவோர் உள்ளனர். அவர்கள் பக்கம் திரும்பவே வேண்டாம். பொய் வெளிப்படும் நாளில் வேலை போகும், வழக்கும் வரலாம். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்போரையும் நம்ப வேண்டாம்.

எழுதும் முறை

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். முதல் வேலை தேடுவோர்க்கு ஒரு பக்கம் போதும். மேலே பெயர், கைபேசி எண், மின்னஞ்சல். பெயரும் முன்னெழுத்தும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். ஆதாரில் ஒன்று, சான்றிதழில் ஒன்று என்றிருந்தால் இப்பொழுதே திருத்திக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் முகவரி உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். நடிகர் பெயரும் விளையாட்டுப் பெயரும் அதில் வேண்டாம். பிறகு, கடைசியாகப் படித்ததை முதலில் வைத்துக் கல்வி. அதன் பின் செய்த வேலைகள். அதன் பின் திறன்கள்: தட்டச்சு இளநிலையா முதுநிலையா, டேலி தெரியுமா, எக்செலில் என்ன செய்வீர்கள், ஓட்டுநர் உரிமம் உண்டா. மொழிகளையும் உள்ளபடி எழுதுங்கள். ‘ஆங்கிலம்: படிக்கவும் எழுதவும் தெரியும், பேசப் பயின்று வருகிறேன்’ என்பதில் இழிவு ஒன்றுமில்லை.

ஒரே தாளை நூறு இடத்துக்கு அனுப்புவது பயனற்றது. விளம்பரத்தைப் படித்து, அவர்கள் கேட்கும் தகுதிகளை அடிக்கோடிட்டு, அவற்றுள் உங்களிடம் உள்ளவை தாளின் மேற்பகுதியில் வருமாறு மாற்றி எழுதுங்கள். அனுப்புமுன் வேறொருவர் கண்ணால் பிழை பாருங்கள். கணினியில் அனுப்பும்போது பிடிஎஃப் ஆக மாற்றி, உங்கள் பெயரையே கோப்பின் பெயராக இடுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறவாதீர்கள்.

எழுத வேண்டிய இடமும் எழுத வேண்டாத இடமும்

இனி, நம்மவர் மட்டுமே சந்திக்கும் கேள்விக்கு வருகிறோம். சாதியை எழுதுவதா, வேண்டாவா? கடைகளில் அச்சிட்டு விற்கும் பயோடேட்டா தாள்களில் மதம், வகுப்பு என்றெல்லாம் கட்டங்கள் இருப்பதுண்டு. அவற்றை நிரப்ப வேண்டுமா?

முதலில் ஓர் உண்மையை அறிந்துகொள்வோம். பேராசிரியர்கள் சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் இருவரும் நடத்திய ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. நாளேடுகளில் வந்த தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு, ஒத்த தகுதியுடைய விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அவர்கள் அனுப்பினர். உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்த அழைப்பு வாய்ப்பில், தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே இருந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கே. படிப்பு ஒன்று, அனுபவம் ஒன்று; பெயர் மட்டுமே வேறு.

1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டுக்குப் பின், நம் மாநிலத்தில் பெயரின் பின்னால் சாதிப் பட்டம் இடும் வழக்கம் படிப்படியாகத் தேய்ந்தது. ஆனால் பெயர் சொல்லாததை முகவரி சொல்லிவிடுகிறது. அதனால்தான் அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்னும் சொல் நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது.

ஆகவே நாங்கள் வகுத்துக்கொண்ட வழி இது. அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது, வகுப்பு என்னும் கட்டத்தை நிமிர்ந்த தலையுடன் நிரப்புங்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர்க்கு 18 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு; அதனுள் 3 விழுக்காடு 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அருந்ததியர்க்கு. தமிழ்வழியில் படித்தோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. இவை சலுகையாக வந்தவை அல்ல. போராடிப் பெற்ற உரிமைகள். வட்டாட்சியர் தரும் சாதிச் சான்றையும், தமிழ்வழிக் கல்விச் சான்றையும் விளம்பரம் வருமுன்பே பெற்று வைத்திருங்கள். கடைசி நாளில் ஓடிப் பயனில்லை.

தனியார் நிறுவனத்தில் அந்த ஒதுக்கீட்டுக்குச் சட்டம் இல்லை. உரிமை தராத இடத்தில் சாதியைக் கேட்பதற்கு அவர்களுக்கு என்ன தேவை? ஆகவே அங்கே சாதி, மதம், தந்தையின் தொழில் எதையும் எழுத வேண்டாம். முகவரிக்கு ஊர், வட்டம், அஞ்சல் குறியீட்டெண் போதும்; கதவு எண்ணும் தெருவும் வேலை கிடைத்தபின் கொடுக்கலாம்.

இது மறைப்பதாகாதா என்று நம் இளைஞர் சிலர் சினத்துடன் கேட்கின்றனர். அந்தச் சினத்தை மதிக்கிறோம். ஆனால் வெட்கப்பட்டு மறைப்பது வேறு; தேவையற்றதைத் தவிர்ப்பது வேறு. படித்தது ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றால், அந்தப் பெயரை அப்படியே எழுதுங்கள். அது உங்கள் கல்வி, சான்றிதழில் உள்ளது, அதனை மாற்றுவது பொய்யாகும், வெட்கமும் ஆகும். வேலைக்குத் தொடர்புள்ள எதையும் ஒளிக்காதீர்கள். தொடர்பில்லாத எதையும் கேளாமல் கொடுக்காதீர்கள்.

நேர்முகத் தேர்வில் ‘அப்பா என்ன செய்கிறார்?’ என்று கேட்பார்கள். தலை குனிய வேண்டாம். ‘விவசாயத் தொழிலாளி, ஐயா. அவர் உழைப்பில்தான் நான் படித்தேன்’ என்று சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே உங்கள் திறனுக்கு வந்துவிடுங்கள்.

கழகம் செய்ய வேண்டியது

தாளைத் திருத்திவிட்டால் வேலை உறுதி என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், 1917இல் பரோடா சமஸ்தானப் பணிக்குச் சென்றபோது தங்குவதற்கு ஓர் அறை கிடைக்காமல் வெளியேற நேர்ந்தது. அவர் கல்வியில் குறை இருந்ததா? குறை ஊரில் இருந்தது. ஆயினும் 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். எனவே பதில் வராத விண்ணப்பத்தைக் கண்டு, ‘நான் தகுதியற்றவன்’ என்று எந்த இளைஞனும் முடிவு செய்துவிடலாகாது. தாளில் பிழை இருந்தால் திருத்துவோம். பிழை எதிர்ப்பக்கத்தில் இருந்தால் சோராமல் அடுத்த கதவைத் தட்டுவோம். அதனைக் கேட்கும் போராட்டத்தையும் விடாமல் நடத்துவோம்.

பணியில் இருக்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் நூலக அறையில் மாதம் ஒரு மாலை வந்து அமருங்கள். வங்கியில் இருப்பவர், பள்ளியில் இருப்பவர், தொழிற்சாலையில் இருப்பவர் யாராயினும் வாருங்கள். ஒரு தாளைப் படித்துத் திருத்த அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம் படித்த வீடுகளில் பிள்ளைகளுக்குத் தானாகக் கிடைக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நீங்கள்தாம் தரவேண்டும். நமக்கு அன்று அந்த ஆலை எழுத்தர் தந்தது அவ்வளவுதான்.

இளைஞர்களே! இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். இதுவரை செய்த வேலைகள் அனைத்தையும், சிறிது பெரிது பாராமல், ஆண்டு வாரியாக எழுதுங்கள். எழுதி முடித்தபின் படித்துப் பாருங்கள். ஒன்றும் தெரியாதவன் என்று எண்ணியிருந்த நீங்கள், எவ்வளவு செய்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே விளங்கும். அந்தத் தாளை அடுத்த மாலை நூலகத்துக்குக் கொண்டு வாருங்கள். நாம் சேர்ந்து திருத்துவோம்.

ஜெய் பீம்!