உயிலும் குடும்ப சமாதானமும்

(ஜூபிலியை முன்னிட்டு நடந்த குடும்பக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி வேளையில் சாமியார் உயிலைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிலருக்கு வியப்பாயிருக்கலாம். மகள் கலியாணத்துக்கு ஆறு மாதம் முன்பே சமையற்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். ஆனால் நமக்குப் பின் வீடு யாருக்கு என்று ஒரு தாளில் எழுத மட்டும் கை வருவதில்லை. எழுதினால் ஆயுள் குறையும் என்று பயம். எழுதாதவர்களும் போய்த்தான் இருக்கிறார்கள்!

நற்செய்தியில் ஒருவன் ஆண்டவரிடம் வந்து, தன் சகோதரனிடமிருந்து பங்கு வாங்கித் தரும்படி கேட்டான். ஆண்டவரே அந்தப் பஞ்சாயத்தை ஏற்க மறுத்தார். அப்படியிருக்க, பங்குச் சாமியார் எம்மாத்திரம்? ஆகவே, நமது பங்களா வாசலுக்கு வழக்கு வருமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

உயில் எழுதாமல் இறக்கும் கிறிஸ்தவரின் சொத்தை 1925ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பிரித்துக் கொடுக்கிறது. மனைவிக்கு மூன்றில் ஒரு பாகம். மீதி இரண்டு பாகம் பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் என்ற பேதம் அதில் கிடையாது. பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில் மட்டும் 1916ம் ஆண்டுச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம், அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்றிருந்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில், அச்சட்டம் 1951லேயே ஒழிந்துபோயிற்று என்று சுப்ரீம் கோர்ட் 1986ல் தீர்ப்பளித்தது.

"நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, இனி அவளுக்கு ஏது பங்கு?" என்று அண்ணன்மார் கேட்பதை நாம் அடிக்கடி கேட்கிறோம். தகப்பனார் உயிரோடிருக்கையில் கொடுத்த நகையோ, பணமோ பங்கில் கழிக்கப்படாது என்று அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது. மகனைப் படிக்கவைத்த செலவையும் யாரும் கழிப்பதில்லையே!

இதைவிட வேதனையானது தாயின் நிலை. இந்து சகோதரர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956ம் ஆண்டுச் சட்டப்படி அவர் தாய்க்கும் பங்கு உண்டு. நம் சட்டத்திலோ, மகனுக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் பெற்றவளுக்கு ஒரு காசும் கிடையாது. மகன் கட்டிய வீட்டில் இருக்கும் கிழவி, மருமகளின் தயவில்தான் காலம் தள்ளவேண்டும். அதேபோல, பிள்ளையில்லாமல் கணவனை இழந்த மருமகளுக்கு மாமனார் சொத்தில் பங்கில்லை. இவர்களைக் காப்பாற்ற உயில் ஒன்றே வழி. சுயமாய்ச் சம்பாதித்ததை யாருக்கும் எழுதிவைக்க நமக்கு உரிமை இருக்கிறது. வீட்டில் ஓர் அறையில் தாய் சாகும்வரை குடியிருக்கலாம் என்றும் எழுதலாம்.

முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். எழுதுகிறவர் கையெழுத்திட, அதைப் பார்த்த இரண்டு சாட்சிகளும் கையெழுத்திடவேண்டும். சாட்சிக்கோ, அவர் மனைவிக்கோ, கணவருக்கோ அதே உயிலில் எழுதிவைத்தது செல்லாது. ஆகவே பங்கு பெறும் பிள்ளைகளைச் சாட்சியாக்கக் கூடாது. ரிஜிஸ்தர் செய்வது கட்டாயமல்ல, செய்தால் நல்லது. வாலிபத்தில் எழுதிவிட்டுப் பிறகு கலியாணம் செய்தவரின் உயில், அந்தக் கலியாணத்தோடு ரத்தாகிவிடும். பலர் இதை அறியார். பேங்கில் நாமினி என்று பெயர் கொடுத்துவிட்டால் பணம் அவருக்கே சொந்தம் என்பதும் தவறு. அவர் வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டியவர்.

கோவிலுக்கு எழுதுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் தர்மத்துக்கு எழுத முன்பு பல தடைகள் இருந்தன. 2003ல் சுப்ரீம் கோர்ட் அவற்றை நீக்கியது. இருந்தாலும் முதலில் மனைவி, பிள்ளைகள், வயதான பெற்றோர். பிறகுதான் பங்குக் கோவில். ஒன்றும் எழுதாவிட்டாலும் நாம் மனத்தாங்கல் கொள்ளமாட்டோம்.

நோயில்பூசுதலுக்கு வரும்போது தலையணைக்கடியிலிருந்து தாளை எடுத்து, "சாமி, சாட்சிக்கு ஒரு கையெழுத்து" என்று மட்டும் யாரும் நீட்டவேண்டாம். நினைவு தப்பிய நிலையில் போட்ட கையெழுத்து கோர்ட்டில் நிற்காது. நல்ல சுகத்தோடிருக்கும்போதே, உங்களைவிட வயதில் இளைய இரண்டு அயலாரை அழைத்து எழுதிவிடுங்கள். தாள் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.