பெயர் சொல்லாத பத்திரிகாசிரியர்

ஒரு பத்திரிகையில் கட்டுரை வெளியாகிறது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. அரசாங்கம் சினந்து, "எழுதியவர் யார்?" என்று ஆசிரியரைக் கேட்கிறது. பெயரைச் சொன்னால் அவர் ஒருவேளை தப்பலாம். சொல்லாவிடில் சிறை திண்ணம். இத்தகைய நெருக்கடிக்கு ஆளான உர்துப் பத்திரிகாசிரியர் மௌலானா ஹஸ்ரத் மோகானியைப் பற்றி இன்று சொல்ல விழைகிறேன்.

ஸையத் ஃபஸ்லுல் ஹஸன் என்பது அவரது இயற்பெயர். 'ஹஸ்ரத்' என்பது கவிதைக்காகப் பூண்ட புனைபெயர். 'மோகானி' என்பது அவர் பிறந்த மோகான் என்னும் ஊரைக் குறிக்கும். அவ்வூர் இன்றைய உத்தரப் பிரதேசத்தில், உன்னாவ் மாவட்டத்தில் உள்ளது. அலிகார்க் கல்லூரியில் 1903-இல் பட்டம் பெற்ற அவர், உத்தியோகத்தை நாடாது, அவ்வாண்டே 'உர்தூ-ஏ-முஅல்லா' என்னும் இதழைத் தொடங்கினார். இலக்கியமும் அரசியலும் அதில் ஒருங்கே இடம் பெற்றன.

1908-இல் எகிப்தில் ஆங்கிலேயர் கைக்கொண்ட கொள்கையைக் கண்டிக்கும் கட்டுரையொன்று அவ்விதழில் வெளிவந்தது. ராஜத்துரோக வழக்குத் தொடரப்பட்டது. எழுதியவர் பெயரை ஹஸ்ரத் வெளியிடவில்லை. பொறுப்பு முழுவதையும் தாமே ஏற்றார். கடுங்காவல் தண்டனை கிடைத்தது. அபராதத்திற்காக அவர் அரிதிற் சேர்த்த நூல்கள் ஏலம் போயின. சிறையில் திரிகை சுற்றித் தானியம் அரைத்தார். அந்நிலையிலும் கவிதை புனைவதை விடவில்லை.

முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்தவன் நான். வகுப்பில் தவறு நேர்ந்தால் மாணவர் பலர் வாய் திறவார். அம்மௌனம் தண்டனையினின்று தப்புவதற்காக. ஹஸ்ரத்தின் மௌனமோ தண்டனையைத் தம்மேல் வரவழைத்துக்கொண்டது. இரண்டையும் ஒன்றெனக் கருதிவிடாதீர்கள்.

விடுதலைக்குப் பின் மீண்டும் இதழை நடத்தினார். அரசியலிலும் ஆழ்ந்து ஈடுபட்டார். 1921-இல் அகமதாபாத் காங்கிரஸ் மகாசபையில், சுயராஜ்யம் என்பது அந்நிய ஆதிக்கம் சிறிதுமற்ற பூரண சுதந்திரமே எனத் தீர்மானம் கொணர்ந்தார். காந்தியடிகளே அதனை எதிர்த்தார், தீர்மானம் தோற்றது. எட்டாண்டுகள் கழித்து, 1929-இல், லாகூரில் கூடிய அதே மகாசபை பூரண சுயராஜ்யமே குறிக்கோள் என்று முழங்கிற்று.

அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினராயிருந்த ஹஸ்ரத், 1951 மே 13-ஆம் நாள் லக்னோவில் காலமானார். அரசாங்கப் பெரும்பதவி எதுவும் அவர் வகித்ததில்லை. எனினும், அச்சேறிய சொல்லுக்கு அதை அச்சிட்டவனும் பொறுப்பாளி என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். நாளை நீங்கள் பேனாவை எடுக்கும்போது இதனை நினைவிற் கொள்ளுங்கள்.